நடுச்சுவர்

என் அப்பா எசென்குல் இறந்த அன்று எங்கள் வீட்டு நடுச்சுவரில் மேலிரண்டு வரிசைக் கல் மட்டும் எடுக்கப்பட்டிருந்தது. சுவருக்கு இரு பக்கமும் மர முட்டுகள் நின்றன. ஒன்றின் அடியில் ஜாக்கி இருந்தது. கைப்பிடியைக்கூட யாரும் கழற்றவில்லை. முற்றத்தில் ஆறரை மீட்டர் தண்டவாளம் கிடந்தது. துக்கத்துக்கு வந்த ஆண்கள் அதன்மேல் போர்வையை மடித்துப் போட்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

நான் தலைநகர் பிஷ்கேக்கிலிருந்து மதியம் வந்து சேர்ந்தேன். முற்றத்தின் மறுபாதியில் கம்பளிக் கூடாரம் அடித்து அப்பாவை உள்ளே கிடத்தியிருந்தார்கள். எங்கள் ஊர் பலிக்ச்சியின் ஏரிக்காற்று கூடாரத்தின் ஓரத்தைப் பிடுங்கிக்கொண்டே இருந்தது. உள்ளே பெண்களோடு அம்மா முதுகைக் காட்டி உட்கார்ந்து ஒப்பாரி சொல்லிக்கொண்டிருந்தாள். கட்டிக்கொண்டு அழுதேன். அவளும் அழுதாள். பிறகு ஒப்பாரியின் ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் என் காதருகே சொன்னாள்:

"வடக்குப் பக்க முட்டு சாயுது. போய்ப் பாரு."

போய்ப் பார்த்தேன். சாய்ந்துதான் இருந்தது. ஆப்பு அடித்துச் சரிசெய்தேன். கையில் மரத்தூளோடு திரும்பி வந்து அப்பாவின் கால்மாட்டில் உட்கார்ந்தேன்.

நான் கட்டடப் பொறியாளர். இருபது வருடமாக மற்றவர்களின் உத்தரங்களுக்குக் கணக்குப் போடுகிறேன். என் பெற்றோர் முப்பத்தாறு வருடம் ஒரே வீட்டைத் திருத்திக்கொண்டிருந்தார்கள், பெரும்பாலும் கணக்கில்லாமல். மகளான நான் அவர்களுக்கு ஒரே பிள்ளை. வீடு இரண்டாவது பிள்ளை என்று ஊரில் சொல்வார்கள். அது நியாயமில்லை. என்னை அவர்கள் இத்தனை முறை இடித்துக் கட்டவில்லை.

அப்பா துறைமுகப் பட்டறையில் வெல்டர். அம்மா சல்கின், பாலர் பள்ளி ஒன்றில் சமையல்காரி. இருவருக்கும் சும்மா உட்காரத் தெரியாது. தேநீர் குடிக்கும்போதே அப்பா சுவரைத் தட்டிப் பார்ப்பார். அம்மா உடனே கோப்பையைக் கீழே வைப்பாள்.

"என்ன கிழவா, அங்க என்ன?"

"ஒண்ணுமில்ல. இந்த ஜன்னல் ஒரு முழம் தள்ளி இருந்தா வெயில் அடுப்புல விழும்."

"அரை முழம் போதும்."

"ஒரு முழம்."

"டேப்ப எடு."

அவ்வளவுதான். மறுநாள் மாலை ஜன்னல் இருந்த இடத்தில் ஓட்டை இருக்கும். சமையலறை ஜன்னலை இப்படி மூன்று தடவை நகர்த்தினார்கள். மூன்றாவது தடவை அது முதலில் இருந்த இடத்துக்கே வந்தது. அப்பா அதைத் தோல்வி என்று ஒப்புக்கொள்ளவில்லை. "இப்போதான் தெரிஞ்சு வெச்சிருக்கோம். முன்னாடி தெரியாம வெச்சோம்" என்றார். காற்றுக்கு மறைவாக வாசலில் ஒரு சின்ன அறை கட்டினார்கள். பிறகு அது இருட்டு என்று கண்ணாடி வைத்தார்கள். கண்ணாடியைக் காற்று உடைத்ததும் பலகை அடித்தார்கள். தரையை உயர்த்தினார்கள். தரை உயர்ந்ததால் கதவுகள் குள்ளமாகின. கதவுகளை உயர்த்தினார்கள். நான் பள்ளிக்கூடம் போய்த் திரும்பும்போது எந்த வழியாக உள்ளே நுழைவது என்று முற்றத்தில் நின்று யோசித்த நாட்கள் உண்டு.

எல்லாவற்றையும் இரண்டே பேர்தான் செய்தார்கள். வேறு கையை விடமாட்டார்கள். அதற்கு ஒரு காரணம் இருந்தது.

வீடு முதலில் எழுந்தது ஊர் கூடி. எங்கள் பக்கத்தில் அப்படித்தான். வீடு கட்டுகிறவன் அஷாருக்குக் கூப்பிட்டால் தெருவே வரும். கூலி கிடையாது, ஆட்டை அறுத்துச் சாப்பாடு போட வேண்டும். அன்று நாற்பது பேர் வந்து பச்சை மண்கல்லில் நான்கு வெளிச்சுவர்களையும் ஒரே நாளில் ஏற்றிவிட்டார்கள். கிழக்குச் சுவரைப் பக்கத்து வீட்டு தோகோன் வைத்தார். மறுநாள் காலை அப்பா தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுப் பார்த்தார். நான்கு விரல் சாய்வு. தோகோன் தன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தச் சுவரை அப்பா ஒற்றை ஆளாக இடித்தார். அம்மா கல்லைப் பொறுக்கி அடுக்கினாள். அதன் பிறகு அவர்கள் யாரையும் கூப்பிடவில்லை. யாரும் தானாக வரவும் இல்லை.

நடுச்சுவர் அவர்கள் இருவரும் கட்டியது. அதனால் நேராக இருந்தது. அந்தச் சுவர்தான் பின்னால் பிரச்சினையானது.

பதினெட்டு வருடங்களுக்கு முன் என் அப்பாவின் தாய்க்கு வருடத் திதி. வீட்டில் இரண்டு பெரிய அறை, நடுவில் இந்தச் சுவர். அப்பாவின் சொந்தக்காரர்கள் முதலில் வந்தார்கள். அடுப்பிருக்கும் அறையில் விரித்திருந்த தஸ்தர்கானை, அந்த விருந்துத் துணியை, சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். அம்மாவின் அண்ணன் ஜூமாகாதீர் கோச்கோரிலிருந்து பத்துப் பேரோடு தாமதமாக வந்தார். சம்பந்தி வீட்டார் என்றால் எங்களிடம் தலைமாட்டு இடம். ஆனால் இடம் இல்லை. இரண்டாவது அறையில் தனித் துணி விரித்து உட்கார வைத்தார்கள். மரியாதைக்குரிய விருந்தாளி என்பதால் ஆட்டுத்தலை அவருக்குப் போக வேண்டும். பரிமாறியவர்களுக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள் என்றே தெரியவில்லை. தலை இந்த அறையிலேயே நின்றுவிட்டது. மாமா கறியைத் தொடவில்லை. கை கழுவித் துடைத்துக்கொண்டு எழுந்தார். வாசலில் அம்மாவிடம், "உன் வீட்டுல சுவர் நிறைய இருக்கு, சல்கின்" என்றார். அதன் பிறகு எங்கள் வீட்டுக்கு வரவே இல்லை. அம்மாதான் போய்ப் பார்த்துவிட்டு வருவாள்.

அந்த வாரமே அம்மா சுவரை அளந்தாள்.

"இத எடுத்துடலாம்."

"எடுத்துட்டு கூரைய எதுல மாட்டுவ? உன் தலையிலயா?"

"உன் தலைதான் காலியா இருக்கு. அதுல மாட்டுவோம்."

பதினெட்டு வருடம் இந்தப் பேச்சு நடந்தது. விட்டங்களெல்லாம் அந்தச் சுவரின் மேல்தான் உட்கார்ந்திருந்தன. சுவரை எடுத்தால் அந்த இடத்தில் ஆறு மீட்டருக்கு ஒரு உத்தரம் வேண்டும். அந்த நீளத்துக்கு மரம் எங்கள் பக்கத்தில் கிடைக்காது.

இந்த வசந்தத்தில் ஏரிக்கரைக் கிளைப்பாதை ஒன்றைப் பெயர்த்தார்கள். அப்பா சொல்லி வைத்து ஒரு தண்டவாளம் வாங்கினார். அதைக் கைவண்டிச் சக்கரங்களில் கட்டி இருவரும் இரண்டு நாள் தெருத் தெருவாக இழுத்து வந்தார்கள். அவருக்கு அறுபத்தொன்பது, அவளுக்கு அறுபத்தாறு. வந்ததும் எனக்குத் தொலைபேசினார்.

"பெர்மெத், ஒரு தண்டவாளம் ஆறு மீட்டர் தாங்குமா?"

"எதத் தாங்கணும்?"

"வீட்ட."

"விட்டத்துக்கு மேல மண் எவ்வளவு கனம்?"

"ஒரு ஜாண். எல்லா வீட்டுலயும் போல, குளிருக்கு."

எனக்குக் கூட்டம் ஒன்றுக்குப் பத்து நிமிடம் இருந்தது. தாளின் ஓரத்தில் கணக்குப் போட்டேன். ஒரு ஜாண் மண், விட்டங்கள், ஆஸ்பெஸ்டாஸ் ஷீட், பனி. தாங்கும். இரண்டு சென்டிமீட்டர் தொங்கும்.

"தாங்கும்பா. முட்டு கொடுத்துட்டு எடுங்க. அவசரப்படாதீங்க."

"அவசரமா? பதினெட்டு வருஷமா இடிக்கிறோம்" என்றார். அதுதான் சிரித்துப் பேசிய கடைசிப் பேச்சு. கோடையில் இரண்டு முறை பேசினோம். இரண்டு முறையும் அவசரத்தில் நான் வைத்துவிட்டேன்.

செப்டம்பரில் தொடங்கினார்கள். முட்டுகளை நிறுத்தி, ஜாக்கியால் விட்டங்களை ஒரு மயிரிழை தூக்கினால் சுவர் பாரமில்லாமல் நிற்கும். பிறகு கல்லை எடுக்கலாம். இரண்டு வரிசை எடுத்ததும் அப்பா மறுபடி ஜாக்கியை மிதமாக ஏற்றப் பார்த்தார். அம்மா சொன்னது இது.

"'ஜாக்கி ஏறல கிழவி'ன்னார். 'வயசாயிடுச்சு'ன்னேன். 'எனக்கா, ஜாக்கிக்கா?'ன்னார். இன்னும் நாலு தடவ அழுத்தினார். அப்புறம் கட்டை மேல உக்காந்து டீ கேட்டார். டீயோட வந்தேன். உக்காந்துதான் இருந்தார்."

ஏழாம் நாள் முடிந்து உறவினர்கள் கலைந்தார்கள். அம்மா கறுப்புத் துணியைத் தலையில் கட்டிக்கொண்டு வீட்டுக்குள் சுற்றினாள். கணவனை இழந்தவள் நாற்பது நாள் வாசல் தாண்டக் கூடாது. உள்ளேயே அடுப்புக்கும் முட்டுக்கும் நடந்தாள். நான் விடுப்பை நீட்டித்தேன். முட்டுகளைத் தினமும் மூன்று தடவை பார்த்தேன். இருவரும் ஒரு இடத்தில் பத்து நிமிடம் இருக்கவில்லை.

"நாப்பதுக்கு எங்க அண்ணன் வர்றேன்னு சொல்லிட்டார்" என்றாள் ஒரு காலை.

"வரட்டும்மா."

"இந்தத் தடவ எல்லாரும் ஒரே துணியில உக்காரணும். உங்க அப்பா பக்கமும், எங்க பக்கமும். சுவர் போகணும்."

"நாப்பதுக்கு அப்புறம் நான் ஆள் வெச்சு…"

"அப்புறம் யார் வருவாங்க? அவருக்கு எழுபத்தஞ்சு. இன்னொரு தடவ அவர் சுவத்துக்கு அந்தப் பக்கம் உக்காந்துட்டுப் போனா, நான் செத்தாலும் இந்த வீட்டுக்கு வரமாட்டார்."

நான் ஒப்புக்கொண்டேன். கணக்கு ஏற்கனவே போட்டதுதான். ஆனால் தொடங்கும் முன் பரணில் ஏறி ஒரு முறை பார்த்துவிட வேண்டும் என்று நினைத்தேன். அது என் தொழில் பழக்கம். தொலைபேசியில் அதைச் செய்யவில்லை.

வெளிப்புற ஏணியில் ஏறி, கூரைக்கடியில் தவழ்ந்து போனேன். ஓரத்தில் இரும்புக் கம்பியைக் குத்தினேன். ஒரு ஜாண். அப்பா சொன்னது சரி. நடுப் பக்கம் போகப் போகத் தரை உயர்ந்தது. கூரையின் முகட்டுக்கு நேர் கீழே, நடுச்சுவருக்கு நேர் மேலே, நீள வாக்கில் ஒரு மேடு. கம்பியைக் குத்தினேன். அறுபத்து மூன்று சென்டிமீட்டர்.

மேட்டைக் கையால் வெட்டிப் பார்த்தேன். அடுக்கடுக்காக இருந்தது. நீலப் பூச்சு ஒட்டிய மண் துண்டுகள்: நான் ஆறாவது படிக்கும்போது சமையலறை நீலம். அதற்கு மேல் வைக்கோல் கலந்த மஞ்சள் மண். அதற்கு மேல் சுண்ணாம்பு. உடைந்த அடுப்பின் கரிபிடித்த கல். மூன்று ஜன்னல்களின் மண். உயர்த்திய கதவுகளின் மண். முப்பத்தாறு வருடத்தின் இடிபாடு முழுக்க மேலேதான் இருந்தது.

இறங்கி வந்து முற்றத்தில் தண்டவாளத்தின் மேலேயே உட்கார்ந்து கணக்குப் போட்டேன். மேடு மட்டும் எட்டு டன். மறுபடி போட்டேன். எட்டு டன்தான். அதையும் சேர்த்தால், நான் தொலைபேசியில் கணக்கிட்ட பாரத்தைப் போல இரண்டு மடங்கு. இதன் கீழேதான் அவர் ஜாக்கியை அழுத்தினார்.

அம்மா வாசலுக்குள் நின்றபடி கேட்டாள். "என்ன?"

"மேல எட்டு டன் மண்ணு இருக்கு. சுவத்துக்கு மேலயே."

அவள் நிமிர்ந்து கூரையைப் பார்த்தாள்.

"நான் தப்பாச் சொல்லிட்டேன்மா. வந்து பாக்காம தாங்கும்னு சொன்னேன். ஜாக்கி அதனாலதான் ஏறல."

அம்மா வாசல்படியை மிதிக்காமல் அதன் உள்பக்கம் குந்தி உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்து பார்த்து நாளாயிற்று.

"நீ எவ்வளவுன்னு கேட்ட. அவர் ஒரு ஜாண்னார். அவர் மேல ஏறிப் பத்து வருஷம் இருக்கும், முட்டி வலி. மேல கொட்டினது நான். மண்ண எங்க கொட்டுறது? தெருவுல போட்டா காத்து வாரி அடுத்த வீட்டுக்குப் போடும். மேல போட்டா குளிருக்குச் சூடா இருக்கும்னு. ஓரத்துல தலை இடிக்கும், நடுவுலதான் நிமிந்து நிக்கலாம். அங்க கொட்டினேன். எல்லாத்தையும்."

காற்று ஏணியை அசைத்தது. எழுந்து போய்க் கட்டினேன். வந்தபோது அவள் இன்னும் அங்கேயே இருந்தாள். நாங்கள் இருவரும் அதைப் பற்றி அதற்கு மேல் பேசவில்லை. இன்றுவரை பேசவில்லை.

மாலையில் அவளுக்கு வழி சொன்னேன். தண்டவாளத்துக்கு நடுவில் ஒரு தூண் கொடுத்தால் மண் மேலேயே இருக்கலாம். ஒரே ஒரு தூண். நான் குழாய் ஏற்பாடு செய்கிறேன்.

"தூணுக்குப் பின்னால யாரை உக்கார வைப்ப?"

"யாராவது உக்காரலாம்மா. என் சேக்காளிங்கள உக்கார வைக்கிறேன்."

"இடம் வயசுப்படிதானே வரும்? நடு இடத்துல வர்றவன் தூணுக்குப் பின்னால. அவன் மூஞ்சி அண்ணனுக்குத் தெரியாது. அண்ணன் மூஞ்சி அவனுக்குத் தெரியாது. மறுபடி சுவர்தான். ஒல்லிச் சுவர்."

"அப்போ மண்ண எறக்கணும்."

"எறக்குவோம்."

நாற்பதுக்குப் பத்தொன்பது நாள் இருந்தது. மறுநாள் காலை நான் எழுந்தபோது அவள் ஏற்கனவே பரணில் இருந்தாள், கறுப்புத் துணியோடு. "வாசலத் தாண்டல. ஜன்னல் வழியா ஏணிக்கு வந்தேன்" என்றாள். வாளியைக் கயிற்றில் இறக்கினாள். நான் கீழே வாங்கி முற்றத்து மூலையில் கொட்டினேன். அன்றைக்கு முப்பத்தெட்டு வாளி. மொத்தம் எழுநூறு வாளி வரும். தண்டவாளத்துக்கு ஐந்து நாள் ஒதுக்கினால் போதாது. மூன்றாம் நாள் அம்மா ஏணியின் பாதியில் நின்றுவிட்டாள். மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. ஏணிக் கட்டையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். நான் ஏறிப்போய் அவள் இடுப்பைப் பிடித்து இறக்கினேன். இடுப்பு வியர்த்திருந்தது. இந்த மண்ணுக்கு இன்னொருவரைச் சாக விடக் கூடாது என்று முடிவு செய்தேன்.

அவளிடம் சொல்லாமல் தோகோன் வீட்டுக்குப் போனேன். அவர் கோழிக்கூட்டுக்கு வலை கட்டிக்கொண்டிருந்தார். எழுபது வயது. கூண்டும் சாய்வாகத்தான் இருந்தது.

"பைக்கே, ஒரு உதவி" என்றேன். பெரியவர்களை அப்படித்தான் கூப்பிடுவோம்.

"உங்க வீட்டுலேருந்தா? காது சரியா கேக்குதான்னு பாத்துக்கறேன் இரு." காதில் விரலை விட்டு ஆட்டினார். "ம், சொல்லு."

"அஷாருக்குக் கூப்பிட வந்தேன். பரண்ல மண்ணு எறக்கணும். தண்டவாளம் ஏத்தணும். நாப்பதுக்குள்ள."

அவர் வலையைக் கீழே போட்டார்.

"உங்க அப்பா நான் வெச்ச சுவத்த என் கண்ணு முன்னாடி இடிச்சவர். தெரியுமில்ல?"

"தெரியும்."

"காலை டீ குடிச்சிட்டிருந்தேன். கோப்பை கையிலயே நின்னுபோச்சு. என் பொண்டாட்டி சொல்றா, 'ஏங்க, நீங்க வெச்சத எடுத்து அடுக்குறாங்க, அழகா அடுக்குறாங்க'ன்னு."

சாய்ந்த கூண்டை அவர் தோளால் ஒரு தள்ளு தள்ளினார்.

"நாலு விரல் சாய்வுன்னு ஊரெல்லாம் சொன்னாரு. மூணு விரல்தான். நான் அப்புறம் ராத்திரி போய் அளந்தேன், இடிச்ச மிச்சத்த."

"மூணே இருக்கட்டும் பைக்கே."

"இருக்கட்டும் இல்ல. மூணுதான்." மூச்சு விட்டார். "முப்பத்தாறு வருஷமா அந்த ரெண்டு பேரும் கழுதை மாதிரி இழுக்கறத பாத்துட்டு இருக்கேன். அந்த தண்டவாளத்த இழுத்துட்டு வந்தப்போ என் கதவத் தாண்டித்தான் போனாங்க. நான் கதவத் தொறந்து வெச்சுட்டு நின்னேன். ஒரு வார்த்த கூப்பிடல. கூப்பிடாம எப்படிப் போறது? கூப்பிட்டா வராம எப்படி இருக்கறது?"

"இப்போ கூப்பிடறேன்."

"உன் அம்மா கூப்பிடச் சொன்னாளா?"

"இல்ல."

"நெனச்சேன்." வலையை எடுத்துச் சுருட்டினார். "ஆட்டுக்கறியில உப்பு குறைச்சலா போடச் சொல்லு. எனக்கு ரத்தக் கொதிப்பு."

அம்மாவிடம் சொன்னபோது அவள் நீண்ட நேரம் என்னைத் திட்டினாள். கழுதை என்றாள், ஊர்க் கண்ணை உள்ளே விட்டவள் என்றாள். திட்டிக்கொண்டே மாவைப் பிசைந்தாள். நூறு பேருக்குப் போதுமான அளவு பிசைந்தாள்.

வெள்ளிக்கிழமை இருபத்தாறு பேர் வந்தார்கள். பரண் திறப்பிலிருந்து முற்றத்து மூலை வரை வரிசையாக நின்று வாளியைக் கைமாற்றினார்கள். மதியத்துக்குள் முற்றத்தில் ஆள் உயரக் குவியல். காற்று அதை எல்லார் வாயிலும் போட்டது. தோகோன் வரிசையின் நடுவில் நின்று ஒவ்வொரு வாளியையும் பார்த்துக் கருத்துச் சொன்னார்.

"சல்கின், இது எந்த ஜன்னல்?"

"பேசாம கைய ஆட்டு."

"நீலமா இருக்கே. சமையக்கட்டா? ஏ, இதுல கரண்டி ஒண்ணு இருக்கு!"

"அது என் கரண்டி. குடு. இருபது வருஷமாத் தேடறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்துவிட்டு, சட்டென்று வாயைத் துணியால் மூடிக்கொண்டாள்.

மாலையில் மேடு போய், ஒரு ஜாண் மண் மட்டும் சமமாக இருந்தது. நான் ஜாக்கியிடம் போனேன். அப்பா விட்ட இடத்திலேயே இருந்தது. கைப்பிடியை அழுத்தினேன். ஏறியது. தண்ணீர்க் குழாயை அடிப்பது போல எளிதாக ஏறியது. மேலே விட்டம் ஒரு முறை முனகியது. இன்னொரு முறை அழுத்தினேன். ஏறியது. அதற்கு மேல் என்னால் அழுத்த முடியவில்லை. கைப்பிடியை விட்டுவிட்டு வீட்டின் பின்பக்கம் போனேன். கரி கொட்டகையின் சுவரில் நெற்றியை வைத்து நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. யாரும் தேடி வரவில்லை. அதற்கு நன்றி.

சுவரை இரண்டு நாளில் எடுத்தோம். தண்டவாளத்தைப் பதினெட்டுப் பேர் தூக்கி உள்ளே கொண்டுவந்தார்கள். அதைத் தோளில் உயர்த்தி ஒரே மூச்சில் வைத்துவிடலாம் என்றார் தோகோன். நான் கூடாது என்றேன். ஸ்லீப்பர் கட்டைகளை அடுக்கி, ஒரு முனையை ஜாக்கியால் கல் கனம் உயர்த்தி, கல் வைத்து, மறுமுனைக்குப் போய், அங்கே கல் வைத்து: இப்படி இரு முனையிலும் செங்கல் தூணும் தண்டவாளமும் சேர்ந்தே உயர்ந்தன. அம்மா அப்பாவோடு எப்போதும் செய்தது அதுதான்: அவர் ஏற்றுவார், அவள் கல்லைத் தள்ளுவாள். இப்போது நான் ஏற்றினேன். கல் தள்ள ஒருவர் முன்னால் வந்தார். அம்மா அவரை முழங்கையால் ஒதுக்கிவிட்டுத் தானே குனிந்தாள்.

"ஏத்து… ஏத்து… போதும்னு சொன்னா நிறுத்தணும். உங்க அப்பா ஒரு அழுத்து அதிகமாத்தான் ஏத்துவார். போதும்!"

மறுநாள் இருட்டும் முன் தண்டவாளம் இரு பக்கமும் செங்கல் தூண்களில் உட்கார்ந்தது. முட்டுகளைத் தளர்த்தினோம். நூல் கட்டி அளந்தேன். ஒரு சென்டிமீட்டர். காலையில் ஒன்றே முக்கால். அதன் பிறகு நின்றது.

நாற்பதாம் நாள் ஐம்பத்திரண்டு பேர் வந்தார்கள். ஒன்பது மீட்டர் நீளத்துக்கு ஒரே துணி விரித்தோம். ரொட்டி, போர்சோக் என்ற பொரித்த மாவுத்துண்டுகள், திராட்சை, கறித் தட்டுகள். ஜூமாகாதீர் மாமா தலைமாட்டில், அப்பாவின் பெரியப்பா மகனுக்குப் பக்கத்தில். ஆட்டுத்தலை அவர் முன்னால். மௌல்வி ஓதி முடித்து எல்லோரும் முகத்தைத் தடவிக்கொண்டார்கள். அம்மா வாசல் பக்கம் நின்றபடி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். இருவரும் ஒரு வாய் சாப்பிடவில்லை.

மாமா வழக்கப்படி ஆட்டின் காதை அறுத்து ஒரு குழந்தைக்குக் கொடுத்தார். நிதானமாகச் சாப்பிட்டார். பிறகு அம்மாவைக் கைகாட்டி அழைத்தார். அவள் போய்க் குனிந்தாள்.

"அறை நல்லா இருக்கு, சல்கின். முன்னாடியும் இப்படித்தானே இருந்தது?"

அம்மா ஒரு நொடி அவரைப் பார்த்தாள். அவர் விளையாடவில்லை. அவருக்கு நிஜமாகவே நினைவில்லை.

"ஆமாண்ணே. இப்படித்தான் இருந்தது."

"நல்ல வீடு. உன் புருஷன் கை சுத்தம். நான்தான் ரொம்ப நாளா வரல. ஏன்னே தெரியல."

"இன்னும் கொஞ்சம் கறி வைக்கட்டுமா?" என்றாள் அம்மா. வைத்தாள். பின்னால் சமையலறையில் அவளைப் பார்த்தேன். சுவரில் சாய்ந்து, சத்தமில்லாமல், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணிலிருந்து நீர் கொட்டிக்கொண்டிருந்தது. எது எது என்று பிரிக்க முடியவில்லை. "அவர் இருந்திருக்கணும், பெர்மெத்" என்றாள். "இதக் கேக்க அவர் இருந்திருக்கணும்."

மறுநாள் காலை எல்லோரும் போய்விட்டார்கள். நான் மதிய வண்டிக்குக் கிளம்ப வேண்டும். எழுந்து வந்தபோது பெரிய அறையில் மூச்சு புகைந்தது. ஒரு அடுப்பால் இவ்வளவு நீளத்தைச் சூடாக்க முடியாது. கணக்குப் போடாமலே தெரிந்திருக்க வேண்டும். அம்மா இரண்டு சால்வை போர்த்திக்கொண்டு தண்டவாளத்தின் கீழே நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பெர்மெத், இதுல ஓட்டை போட முடியுமா?"

"தண்டவாளத்துலயா? இங்க யார்கிட்டயும் அதுக்குத் துளையூசி இல்லம்மா. எதுக்கு?"

"கம்பளி தொங்க விடலாம்னு. கனமானது. விருந்துன்னா சுருட்டி வெச்சுக்கலாம். நான் ஒருத்திதானே, அடுப்புப் பக்கம் பாதி போதும்."

"மறுபடியும் சுவரா?"

"சுவர் இல்ல. தடுப்பு."

"இரும்புப் பட்டைய பிடிப்பு மாதிரி வளைச்சு மாட்டலாம். ரெண்டு பக்கமும் போல்ட் போட்டு."

"எத்தன?"

"எட்டு. ஒவ்வொண்ணுக்கும் நடுவுல எழுபத்தஞ்சு சென்டி."

"அறுபது. காத்து நடுவுல புகும்."

"எழுபத்தஞ்சு போதும்மா."

"டேப்ப எடு" என்றாள்.

மதிய வண்டியைப் போக விட்டேன்.